மீட்டர் பல்பு வந்த வழி

மீட்டர் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. கார் புதிதாக ஷோரூமை விட்டு இறங்கும்போதே டாஷ்போர்டுக்குள் குடியேறிவிடும். காயலான் கடைக்குப் போகும் நாள் வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். நீளம் 27 மில்லிமீட்டருக்குள், தடிமன் 10 மில்லிமீட்டர். முழுக்கக் கண்ணாடி, பித்தளை மூடி கிடையாது, ஈயப்பற்று கிடையாது. அடிப்பக்கக் கண்ணாடியைச் சூட்டோடு தட்டையாக நசுக்கி, அதன் வழியே வெளிவரும் இரண்டு கம்பிகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மடித்து விட்டிருப்பார்கள். ஹோல்டரில் செருகினால் அந்தக் கம்பிகளே கரண்டை வாங்கிக்கொள்ளும். கடையில் ‘பார்க்கிங் பல்பு’ என்று கேட்டால் இந்த ஜாதியைத்தான் எடுத்துப் போடுவார்கள். இதே உடம்பில் 5 வாட் இருந்தால் முகப்பு விளக்குக்குப் பக்கத்தில் பார்க்கிங் லைட். 3.4 வாட் இருந்தால், ஜப்பானிய வழி வந்த கார்களில், மீட்டருக்குப் பின்னால்.

மும்பையை அடுத்த ஐரோலியில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் கீழ்த்தளத்தில் நிற்கும் கார் ஒன்றில் இப்படி நாலு பல்புகள் இருந்தன. 2004இல் பதிவான சின்னக் கார். உரிமையாளர் மாட்டுங்காவில் வளர்ந்து, செம்பூரில் குடித்தனம் நடத்தி, ஓய்வுக்குப் பின் தாணே கழிமுகம் தாண்டி இங்கே வந்த பெரியவர். எனக்கு மாமா முறை. இரவில் வேகமுள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்பது அவருடைய புகார். முலுண்டிலிருந்து ஐரோலிப் பாலத்தில் வரும்போது தெருவிளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தால் முள் தெரியும், இரண்டு கம்பங்களுக்கு நடுவில் காணாமல் போகும், அடுத்த கம்பத்தில் மறுபடி தெரியும். பெட்ரோல் முள்ளைப் பார்க்க செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகன் காரை மாற்றச் சொல்கிறான். இவர் மசியவில்லை. 15 ஆண்டு முடிந்ததும் 2019இல் ஆர்டிஓவில் தகுதிச் சோதனை, சுற்றுச்சூழல் வரி எல்லாம் முடித்து 5 ஆண்டு நீட்டிப்பு வாங்கினார். 2024இல் மறுபடியும் வாங்கினார். போதாததற்கு அந்த அக்டோபர் நடுவிலிருந்து ஐரோலி உள்ளிட்ட மும்பையின் ஐந்து நுழைவாயில்களிலும் கார்களுக்குச் சுங்கம் இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது. “இப்பப் போய் வண்டிய யாராவது விப்பாளா?” என்கிறார்.

வண்டி இருக்கட்டும். அந்த நாலு பல்புகளின் பூர்வீகத்தைப் பார்ப்போம்.

உள்ளே இருக்கும் இழை டங்ஸ்டன். 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். உலோகங்களில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அந்தக் குணத்தால்தான் இழையாக லாயக்குப்பட்டது, அதே குணத்தால்தான் இழையாக்குவது பெரும்பாடாகவும் இருந்தது. உருக்கி ஊற்ற முடியாது. பொடியை அழுத்திச் சுட்டு, சூட்டோடு தட்டித் தட்டி, வைரத்தில் போட்ட துளைகளின் வழியே இழுத்து இழுத்துத்தான் மெல்லிய கம்பியாக்க வேண்டும். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தின் வில்லியம் கூலிட்ஜ் 1910 வாக்கில் இதைச் சாதித்தார். அதற்கு முந்தைய டங்ஸ்டன் இழைகள் தொட்டால் ஒடியும் ரகம். வீட்டுக் கூரையிலிருந்து தொங்கலாம், குண்டும் குழியுமான ரோட்டில் ஓடும் வண்டியில் நிலைக்காது. வளையும் கம்பி கிடைத்த கையோடு 1912இல் கேடிலாக் நிறுவனம் மின் ஸ்டார்ட்டரும் மின்விளக்குகளும் கொண்ட காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் விளக்கும் அசிட்டிலீன் விளக்கும் காரிலிருந்து இறங்கத் தொடங்கியது அப்போதுதான்.

டங்ஸ்டன் என்றாலே இன்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு பல்பு நினைவுக்கு வராது, மேலூர்தான் வரும். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, ஏறக்குறைய 2,015 ஹெக்டேர், இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனது. 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அதற்குள் அகப்பட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டன. டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆக, மதுரை மண்ணின் டங்ஸ்டன் எந்தக் காரின் மீட்டரிலும் எரியவில்லை. உலகில் தோண்டி எடுக்கும் டங்ஸ்டனில் ஐந்தில் நாலு பங்கு சீனாவினுடையது. அதிலும் பெரும்பகுதி லேத் பட்டறை வெட்டுமுனைகளுக்கும் துளைக்கும் கருவிகளுக்கும் போகிறது. பல்புக்கு வருவது ஊறுகாயளவுதான்.

இந்தியக் கார்களில் இந்த முழுக்கண்ணாடி பல்புக்கு முன்னால் இருந்தது பித்தளை மூடி பல்பு. அம்பாசடர், பத்மினி மீட்டர்களின் முதுகில் இருந்தவை அவைதான். மும்பைக்காரர்களுக்குப் பத்மினியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் பிறந்து, மஞ்சள் கூரை போட்டு, மூன்று தலைமுறையை ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுமந்தது. கடைசி பத்மினி டாக்சி தார்தேவ் ஆர்டிஓவில் 2003 அக்டோபர் 29இல் பதிவானது. மும்பை டாக்சிகளுக்கு வயது வரம்பு 20. எனவே 2023 அக்டோபர் 30 முதல் ஊரில் பத்மினி டாக்சி இல்லை. அந்த வண்டிகளில் இரவுப் பயணம் போனவர்களுக்குத் தெரியும், மீட்டரில் வெளிச்சம் என்று பெயருக்கு ஏதோ ஒன்று இருக்கும். டிரைவர்கள் அதை நம்பி ஓட்டவில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே வேகம் சொல்லிவிடுவார்கள். இங்கே கோயம்புத்தூரையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் 1970களில் தொடங்கிய பிரிக்கால் நிறுவனத்தின் ஆதிப் பெயர் பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ். இந்தியச் சாலையில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் வேகமானிகள் அங்கிருந்து வந்தவை. குர்லா பிரீமியருக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

ஐரோலிக் காருக்குத் திரும்புவோம். இருபது வருஷம் ஒரு பல்பு மீட்டர் பெட்டிக்குள் இருந்தால் என்ன ஆகும்? இழை 2,000 டிகிரிக்கு மேல் காய்கிறது. அந்தச் சூட்டில் டங்ஸ்டன் அணு அணுவாக ஆவியாகி, கண்ணாடியின் உட்புறத்தில் கரும்படலமாகப் படியும். பழைய பல்பின் தலை சாம்பல் பூத்திருப்பது அதனால்தான். இது ஒரு வகை மங்கல். ஆனால் காரில் மீட்டர் மங்குவதற்கு இதுவே முழுக்காரணம் என்று நினைத்து பல்பை மட்டும் மாற்றுகிறவர்கள் பாதி வழிதான் போகிறார்கள். பேட்டரியிலிருந்து பல்பு வரையிலும், பல்பிலிருந்து கண் வரையிலும் வெளிச்சத்துக்குப் பல சோதனைச்சாவடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கறந்துவிடுவார்கள்.

ஐரோலி இதற்குத் தோதான ஊர். மேற்கே தாணே கழிமுகம்: சதுப்பு, அலையாத்திக் காடு, நாரைகள். 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும் 2022இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். பார்க்க ரம்மியம், வயரிங்குக்குச் சனி. உப்புக் காற்றும் நாலு மாத மழையின் ஈரமும் சேர்ந்து செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். இரும்பு பாடியில் எர்த்து வயரை முறுக்கி வைத்த போல்ட்டின் அடியில் துரு வந்து உட்காரும்.

மாமாவின் காரைப் பார்த்தவர் ரபாலே போகும் வழியில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன். தாராவி 90 அடி ரோட்டில் வளர்ந்த நெல்லைக்காரர், ஊருக்கே அண்ணாச்சி. எஞ்சின் வேலை தொடமாட்டார், வயரிங் மட்டும்.

“பல்பு போயிடுத்தா தம்பி?” என்று மாமா கேட்டார்.

“போயிருந்தா இருட்டால்லா சார் இருக்கும்? மங்கலா எரியுதுன்னா பல்பு இருக்கு. அதுக்குச் சாப்பாடு வரல.”

பேட்டரி மைனஸைக் கழற்றினார். ஸ்டீயரிங்குக்கு மேலே இருந்த மூடியின் திருகுகளை எடுத்து, மீட்டர் பெட்டியை இரண்டு விரலில் முன்னால் இழுத்து, கையைப் பின்னால் விட்டு வேகமானி கேபிளின் பூட்டை அமுக்கி விடுவித்தார். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும். அவசரப்பட்டால் ஒடியும், ஒடிந்தால் பிறகு ஜென்மத்துக்கும் கடகட சத்தம். அண்ணாச்சி அவசரப்படவில்லை. பெட்டியைத் திருப்பி மடியில் வைத்தபோது அதன் முதுகில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளும், அதில் ஓடும் செம்புத் தடங்களும், கால் திருகில் கழன்று வரும் கறுப்பு ஹோல்டர்களும் தெரிந்தன. நாலு பெரிய ஹோல்டர் மீட்டர் வெளிச்சத்துக்கு. சின்னச் சின்னதாக இருந்தவை எச்சரிக்கை விளக்குகளுக்கு.

வயரைத் தற்காலிகமாகச் சேர்த்து, எஞ்சினை ஓடவிட்டு, லைட் சுவிட்சைப் போட்டு வோல்ட்மீட்டரை வைத்தார். பேட்டரியில் 13.6. பல்பு முனையில் 11.5. மைனஸ் முனையை பல்பின் எர்த்துத் தடத்திலிருந்து நேராக பாடிக்கு மாற்றி வைத்ததும் எண் விருட்டென்று ஏறியது. திருடன் எர்த்தில் இருந்தான்.

இந்த 2 வோல்ட் அற்பமாகத் தெரியும். இழை பல்பைப் பொறுத்தவரை அற்பமில்லை. வோல்ட் குறைந்தால் அதன் வெளிச்சம் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய மூன்றரை மடங்கு வேகத்தில் சரியும். 13.5 வோல்ட்டில் 100 பங்கு வெளிச்சம் தரும் பல்பு, 11.5 வோல்ட்டில் 60 பங்குகூடத் தராது. நாலு பல்பும் சேர்ந்து இழுப்பது 1 ஆம்பியருக்குச் சற்று மேலே. பொது எர்த்து முனையில் துருவும் களிம்பும் சேர்ந்து 2 ஓம் தடை ஏற்றினால் போதும், 2 வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வோல்ட் குறைந்தால் இழையின் ஆயுள் பல மடங்கு நீளும். அரைப்பட்டினி பல்பு சாகவே சாகாது. செத்தால் மாற்றியிருப்பார்கள், மாற்றும்போது எர்த்தையும் யாராவது கவனித்திருப்பார்கள். சாகாமல் மங்கியே கிடந்ததால்தான் 20 வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

அண்ணாச்சி நாலு பல்பையும் உருவி, ஒவ்வொன்றாக பேட்டரியில் நேராகத் தொட்டுக் காட்டினார். இரண்டு பளிச்சென்று எரிந்தன. மற்ற இரண்டின் கண்ணாடி புகை படிந்த லாந்தர் சிம்னி மாதிரி இருந்தது. எரிந்தாலும் பழுப்பு வெளிச்சம்தான். பெட்டியின் உட்புறம் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும், பல்பு இருந்த இடங்களைச் சுற்றி டீக்கறை நிறமாகிவிட்டிருந்தது. அந்த வெள்ளைச் சுவர்தான் பல்பின் ஒளியை நாலாபுறமும் பரப்பி டயலின் பின்னால் அனுப்புவது. சுவர் பழுத்தால் ஒளியும் பழுக்கும். அதற்கு மேல் பல்பின் தலையில் பச்சை நிற ரப்பர் தொப்பி. நல்ல வெளிச்சத்திலேயே பெரும்பகுதியை வடிகட்டிவிடும் சாதனம் அது. சூட்டில் அதுவும் கறுத்திருந்தது.

இத்தனையும் வண்டியின் வயது. கண்ணின் வயது வேறு. 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பது கண் மருத்துவத்தில் பழைய கணக்கு. பாவை சுருங்குகிறது, கண் லென்ஸ் மஞ்சளாகிறது. மகன் அதே காரில் உட்கார்ந்து “தெரியுதேப்பா” என்று சொன்னதும் பொய் இல்லை.

இங்கேதான் எல்இடி உள்ளே வருகிறது. மாமாவே வாங்கி வைத்திருந்தார், லேமிங்டன் ரோட்டில், ஒன்று 40 ரூபாய் என்று நாலு. அதுவும் அதே அகலத்துக்கு, அதே ஹோல்டரில் செருகும்படி செய்தது. ஆனால் அது வந்த வழி முற்றிலும் வேறு.

ஜப்பானில் தொகுஷிமா மாகாணத்தில் அனான் என்றொரு சிற்றூர். அங்குள்ள நிச்சியா கம்பெனி விளக்குகளுக்கும் டிவி திரைகளுக்கும் பூசும் ஒளிர்பொடி விற்றுக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஷூஜி நகமுரா, காலியம் நைட்ரைடு படிகத்திலிருந்து பிரகாசமான நீல ஒளி எழுப்ப முடியும் என்று காட்ட, 1993 நவம்பரில் கம்பெனி அதை உலகுக்கு அறிவித்தது. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. 1996இல் நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசி வெள்ளை எல்இடி செய்தார்கள். அங்கே அந்தப் பொடி வித்தை கைகொடுத்தது. 2014இல் நகமுராவுக்கும், தனியே அதே பாதையில் நடந்த அகஸாகிக்கும் அமானோவுக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. காலியம் விசித்திரமான உலோகம். 29.8 டிகிரியில் உருகிவிடும். மும்பையில் மார்ச் மாதம் மேசைமேல் வைத்தால் மத்தியானத்துக்குள் குளமாகியிருக்கும். அலுமினியத் தாதுவைச் சுத்திகரிக்கும்போது உபரியாகக் கிடைப்பது. அதிலும் சீனாவின் கைதான் ஓங்கியிருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து காலியம் ஏற்றுமதிக்கு அங்கே உரிமம் வேண்டும். 2025 பிப்ரவரியில் டங்ஸ்டனுக்கும் அப்படியே செய்தார்கள். பழைய பல்பும் புதிய பல்பும் எவ்வளவுதான் மாறுபட்டாலும் அவற்றின் உயிர்நாடி ஒரே நாட்டின் பிடியில்.

மாமா வாங்கிய மாதிரி பெயரில்லாத எல்இடிகள் ஷென்ஜென் பக்கத்துப் பட்டறைகளில் லட்சக்கணக்கில் உருவாகி, பிளாஸ்டிக் பைகளில் நூறு நூறாக அடைபட்டு, கன்டெய்னர் ஏறுகின்றன. மேற்கு இந்தியாவுக்கு வரும் சரக்கு பெரும்பாலும் இறங்குவது நாவா ஷேவா, 1989இல் திறந்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில். அதுவும் கழிமுகத்துக்கு இந்தப் பக்கம், அதாவது ஐரோலி இருக்கும் பக்கம். அங்கிருந்து பிவண்டி கிடங்கு, பிறகு மொத்த வியாபாரி, பிறகு லேமிங்டன் ரோடு, லோஹார் சால் அல்லது குர்லா சிஎஸ்டி ரோடு. ஆக, ஐரோலிக்குப் பக்கத்திலேயே கப்பலை விட்டு இறங்கிய பல்பு, பழைய மும்பை வரை போய்க் கைமாறி, மாமாவின் சட்டைப்பையில் ஐரோலிப் பாலம் ஏறித் திரும்பி வந்தது. 1999இல் அந்தப் பாலம் திறக்கும் முன்பென்றால் தாணே சுற்றியோ வாஷி சுற்றியோ வந்திருக்கும்.

அண்ணாச்சிக்கு எல்இடியில் வெறுப்பு இல்லை, ஆனால் கண்மூடித்தனமான பக்தியும் இல்லை. “போட்டுப் பாப்போம் சார். பிடிச்சா இருக்கட்டும்.” முதலில் எர்த்து போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புதிய முனை வைத்து, மேலே கிரீஸ் தடவினார். ஹோல்டர்களின் செம்பு நாக்குகளை ஊசி முனையால் சற்றே நிமிர்த்தி ஸ்பிரிட்டால் துடைத்தார். செம்புத் தடங்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்தார். அழுத்தினால் தடம் உரிந்துவிடும், உரிந்தால் பெட்டியே போச்சு. இந்த வேலைக்குச் சோம்பல்பட்டுப் பெட்டியையே மாற்றுகிறவர்களும் உண்டு. குர்லாவில் பழைய மீட்டர் பெட்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் வேறொரு காரின் கிலோமீட்டர் ஓடியிருக்கும். நாளைக்கு விற்கும்போது சர்வீஸ் புத்தகமும் மீட்டரும் ஒத்துப்போகாமல் திருட்டு முழி முழிக்க வேண்டும். பல்பு மங்கலுக்கு அந்த வைத்தியம் வேண்டாம் என்பது என் கட்சி.

பிறகு எல்இடி நாலையும் செருகினார். இரண்டு எரிந்தன, இரண்டு எரியவில்லை. எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு. உருவி, அரைச் சுற்று திருப்பிச் செருகியதும் எரிந்தன. சாயங்காலம் ஆகியிருந்தது, ஷட்டரைப் பாதி இறக்கிப் பார்த்தோம்.

வெளிச்சம் என்னவோ அமோகம். ஆனால் இழை பல்பு சுற்றிலும் ஒளி சிந்தும், இந்த மலிவு எல்இடியோ மூக்குக்கு நேரே மட்டும் பார்க்கும். டயலில் நாலு இடம் வெள்ளை வெளேரென்று சுட்டது, 80க்கும் 100க்கும் நடுவில் எண்கள் நிழலில் கிடந்தன. பச்சைத் தொப்பியைப் போட்டால் நீலம் கலந்த ஆஸ்பத்திரிப் பச்சை, கழற்றினால் கண்ணாடியில் எதிரொளி. வெளிச்சத்தைக் குறைக்கும் சக்கரத்தைத் திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தச் சக்கரம் ஒரு கம்பிச் சுருள் தடை. 1 ஆம்பியர் இழுக்கும் பல்புகளின் வழியில் நின்று வோல்ட்டைக் குறைப்பதற்காக அமைத்தது. எல்இடி இழுப்பது அதில் ஒரு சிறு பங்கு என்பதால் தடையில் வோல்ட் இறங்குவதே இல்லை. சுற்றிலும் சில்லு பதித்த நல்ல ரக எல்இடியும், தொப்பி இல்லாமல் போட பச்சை எல்இடியும் கிடைக்கும்தான். விலை பத்து மடங்கு ஆகும், சக்கரத்தின் பிரச்சினை அப்போதும் தீராது.

மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவில் முன்னே இருட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கீழே இவ்வளவு நீல ஒளி இருந்தால் ஒவ்வொரு முறை முள்ளைப் பார்த்து நிமிரும்போதும் ரோடு சில நொடிக்குக் கறுத்துத் தெரியும். ஐரோப்பிய கார்கள் பலவற்றில் மீட்டருக்குச் செம்மஞ்சள் வெளிச்சம் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

“தம்பி, இது கல்யாண மண்டபம் மாதிரின்னா இருக்கு.”

அண்ணாச்சி சிரித்துவிட்டு நாலையும் உருவினார். பளிச்சென்று எரிந்த பழைய பல்புகள் இரண்டு, டப்பாவிலிருந்து புதிய இழை பல்புகள் இரண்டு, புதிய பச்சைத் தொப்பிகள் நாலு. பெட்டியின் உட்சுவர்களைத் துணியால் துடைத்து, பழுத்த இடங்களில் சூடு தாங்கும் வெள்ளை பெயின்ட்டை மெல்லிதாகப் பூசி, காயவிட்டு மாட்டினார். முன் கண்ணாடி பிளாஸ்டிக்கின் உட்புறத் தூசியையும் துடைத்தார். அது தனியாக ஒரு சாவடி. விளக்கைப் போட்டதும் பல்பு முனையில் 13.3 வோல்ட். முள் தெரிந்தது, எண்கள் தெரிந்தன, சக்கரத்தைத் திருப்பினால் கூடியது, குறைந்தது. எல்இடியைவிடக் குறைவான வெளிச்சம்தான். டயல் முழுக்கச் சமமாக விழுந்தது.

ஒன்றை மட்டும் அண்ணாச்சி யார் சொன்னாலும் எல்இடிக்கு மாற்றமாட்டார்: பேட்டரி படம் போட்ட சிவப்பு எச்சரிக்கை விளக்கு. பல கார்களில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்குவதற்கான முதல் கரண்ட் அந்தச் சின்ன பல்பின் இழை வழியேதான் போகிறது. எல்இடி போட்டால் கரண்ட் போதாமல் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமல் போகலாம். கேடு என்னவென்று தெரியாமல் பேட்டரியை மாற்றுவார்கள், அதுவும் இறங்கும்.

வெளியே வந்த பொருள்களின் கதை சீக்கிரம் முடிகிறது. எல்இடிகளில் இரண்டு பின்பக்க நம்பர் பிளேட் விளக்குக்குப் போயின. அங்கே சட்டப்படி வெள்ளை ஒளிதான் வேண்டும், குறைக்கிற சக்கரம் இல்லை, யார் கண்ணிலும் குத்தாது. அதற்குத்தான் அவை பிறந்தது போல அமைந்துவிட்டன. மீதி இரண்டு அண்ணாச்சியின் டப்பாவில். கறுத்த பல்புகளும் கெட்டிப்பட்ட தொப்பிகளும் கடை மூலையில் இருந்த சாக்கில் விழுந்தன. அந்தச் சாக்கு நிறைந்ததும் தாராவிக்குப் போகும். அங்கே 13ஆம் காம்பவுண்டில் உடைந்த மீட்டர் பெட்டிகள், டாஷ்போர்டுகள், பம்பர்கள் எல்லாம் வந்து குவியும். தரம் பிரிக்கிறவர்கள் துண்டின் ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்த்தே இது எந்த பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார்கள். அரைத்து, கழுவி, உருக்கி, மணிகளாக வெட்டி மறுபடி விற்பனை. செம்பு தனியே எடைக்குப் போகும். 27 மில்லிமீட்டர் கண்ணாடி பல்புக்கு மட்டும் அங்கேயும் விலை கிடையாது. அதிலிருக்கும் டங்ஸ்டனை யாரும் தேடுவதில்லை.

அண்ணாச்சி பல்புக்கும் தொப்பிக்கும் சில்லறை வாங்கிக்கொண்டு, கூலி மட்டும் உறைக்கும்படி வாங்கினார். அது நியாயம். நாளெல்லாம் பார்த்தது எர்த்து வேலை.

இரண்டு வாரம் கழித்து மாமா போன் செய்தார். முள் நன்றாகத் தெரிகிறதாம், அதனால்தான் இப்போது ஒரு விஷயம் கண்ணில் படுகிறதாம். மீட்டர் 60 காட்டும்போது செல்போன் மேப் 56தான் காட்டுகிறது. மீட்டரைக் கழற்றி மாட்டியதில் ஏதாவது ஆகியிருக்குமா? நான் அண்ணாச்சியிடம் கேட்டேன். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பது பல நாடுகளிலும் உள்ள விதி என்றும், கார் பிறந்த நாளிலிருந்தே அது அப்படித்தான் காட்டியிருக்கும் என்றும் சொன்னார். “சார்ட்ட சொல்லிருங்க, இதுக்குப் பெட்டியத் திறக்க மாட்டேன்.”